எங்கள் பைனரியில் மட்டும் மேப், வெக்டர் உள்ளே இருப்பதை ஜிடிபி காட்டுவதில்லை

மின்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தொழிற்சாலைகளில் மின் மீட்டர்களிடமிருந்து ஆர்எஸ்-485 கம்பி வழியாக, மோட்பஸ் முறையில் அளவுகளை வாங்கிச் சேர்த்துவைக்கும் ஒரு சி++ நிரலை நான் பார்த்துக்கொள்கிறேன். மீட்டர் எண் ஒரு இன்ட், அதற்கு எதிரே அந்த மீட்டரின் அளவுகள் வரிசையாக அடங்கிய ஒரு வெக்டர்; எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு எஸ்டிடி மேப் (எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் அமைப்பு). பிரச்சினை என்னவென்றால், ஒரு இடத்தில் 145-ஆம் எண் மீட்டரின் அளவுகள் அறிக்கையில் வரவே மாட்டேன் என்கின்றன. கம்பியில் தரவு வருகிறது, அதைப் பார்த்துவிட்டேன். மேப்புக்குள் என்ன ஆகிறது என்பதுதான் தெரியவேண்டும்.

உபுண்டு 22.04 லினக்ஸ், கம்பைலர் ஜிசிசி 11, டிபக்கர் (ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி) ஜிடிபி 12. நிரலை டிபக் தகவல் சேர்க்கும் மைனஸ் ஜி போட்டு, ஆப்டிமைசேஷன் எதுவும் இல்லாமல்தான் கட்டியிருக்கிறேன். அறிக்கை எழுதும் ஃபங்ஷனில் பிரேக்பாயிண்ட் வைத்து, மேப்பை பிரிண்ட் செய்யச் சொன்னால் இப்படி வருகிறது:

_எம்_டி = {_எம்_இம்ப்பிள் = { ... _எம்_ஹெடர் = {_எம்_கலர் = எஸ்டிடி::_எஸ்_ரெட், _எம்_பேரன்ட் = ஒரு முகவரி, _எம்_லெஃப்ட் = ஒரு முகவரி, _எம்_ரைட் = ஒரு முகவரி}, _எம்_நோடு_கவுண்ட் = 42}}

இதில் எந்த மீட்டர் எண்ணும் இல்லை, எந்த அளவும் இல்லை. வெக்டரைக் கேட்டாலும் மூன்று பாயிண்டர்கள்தான் வருகின்றன.

என்னைக் குழப்புவது இதுதான். அதே கணினியில், அதே ஜிடிபியில், பத்து வரிச் சோதனை நிரல் ஒன்று எழுதி ஓட்டினால் 'எஸ்டிடி::மேப் வித் 3 எலிமென்ட்ஸ்' என்று சொல்லி, ஒவ்வொரு எண்ணையும் அதன் மதிப்பையும் அழகாகக் காட்டுகிறது. எங்கள் பைனரியில் (கட்டி முடித்த நிரல் கோப்பில்) மட்டும் காட்ட மறுக்கிறது. 'செட் பிரிண்ட் பிரெட்டி ஆன்' கொடுத்துப் பார்த்தேன். அதே குப்பை, வரி வரியாகப் பிரிந்து வந்ததே தவிர வேறு மாற்றம் இல்லை.

அந்த ஃபங்ஷனில் ஐடி என்ற வேரியபிளில் 145 இருக்கும்போது, மேப்பின் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஐடி போட்டு பிரிண்ட் செய்தால் ஏதோ பதில் வருகிறது. மூன்று பாயிண்டரும் பூஜ்யம், அதாவது காலியான வெக்டர். அப்படியென்றால் 145 மேப்பில் இருக்கிறது, அளவுகள்தான் சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?


வரிசைமுறை எழுதியது:

விஎஸ் கோடு எடிட்டர் வழியாகப் பார்க்கிறீர்களா? அப்படியானால் லாஞ்ச் ஜேசன் கோப்பில், ஜிடிபிக்கு முதலில் அனுப்பும் கட்டளைகளில் 'எனேபிள் பிரெட்டி பிரிண்டிங்' இருக்கிறதா என்று பாருங்கள். எடிட்டர்கள் ஜிடிபியோடு பேசுவது நாம் டெர்மினலில் தட்டும் மொழியில் இல்லை, எம்ஐ என்ற தனி இடைமுகத்தில். அதில் மேப், வெக்டரை அழகாகக் காட்டும் வசதி தானாக இயங்காது, எடிட்டர்தான் கேட்டு வாங்கவேண்டும். டெர்மினலில் சரியாகத் தெரிந்து எடிட்டரில் மட்டும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.


மின்கணக்கு எழுதியது:

நன்றி. ஆனால் நான் டெர்மினலில்தான் பார்க்கிறேன். எடிட்டரிலும் போட்டுப் பார்த்தேன், இரண்டிலும் ஒரே கதைதான்.


பழையகோர் எழுதியது:

முதலில் ஒரு அவசரமான விஷயம். மேப்பைச் சதுர அடைப்பு போட்டு பிரிண்ட் செய்வதை உடனே நிறுத்துங்கள். அது வெறும் பார்வை இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் நிரலுக்குள் போய், மேப்பின் அந்த ஆப்பரேட்டரை ஜிடிபி நிஜமாகவே அழைக்கிறது. சி++ விதிப்படி, அந்த எண் மேப்பில் இல்லையென்றால் அந்த ஆப்பரேட்டர் ஒரு வெற்று மதிப்பை உருவாக்கி உள்ளே செருகிவிடும். காணாமல் போன 145-ஐத் தேடும் நீங்கள், தேடும்போதே ஒரு 145-ஐ உண்டாக்கியிருக்கலாம். நிரலைப் புதிதாக ஓட்டி, அப்படி பிரிண்ட் செய்வதற்கு முன்னும் பின்னும் _எம்_நோடு_கவுண்ட் எத்தனை என்று பாருங்கள். ஒன்று கூடினால் உங்கள் காலி வெக்டர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

ஜிடிபிக்கு மேப் என்றால் என்னவென்றே தெரியாது. வெக்டரும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் டிபக் தகவலில் இருக்கும் ஸ்ட்ரக்ட்கள், அவற்றின் உறுப்புகள், பாயிண்டர்கள். நீங்கள் காட்டியிருக்கும் அந்த _எம்_ஹெடர் வகையறாதான் ஜிசிசியின் லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியில் மேப்பின் உண்மையான உடல். ஜிடிபி பொய் சொல்லவில்லை, இருப்பதை இருக்கிறபடி காட்டுகிறது. உங்கள் சோதனை நிரலில் அழகாக வந்ததே, அது லைப்ரரி எழுதியவர்கள் தனியாகக் கொடுக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட்டின் வேலை. 2009-இல் வந்த ஜிடிபி 7.0-இல்தான் பைத்தான் உள்ளே நுழைந்தது. அதற்கு முன்பு ஆளாளுக்கு மேக்ரோ எழுதி வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினோம்.

'செட் பிரிண்ட் பிரெட்டி' வேறு, பிரெட்டி பிரிண்டர் எனப்படும் இந்த ஸ்கிரிப்ட் வேறு. முன்னது ஸ்ட்ரக்ட்டை உள்தள்ளி வரி பிரித்துக் காட்டும், அவ்வளவுதான்.

அந்த ஸ்கிரிப்ட் எப்படி ஜிடிபிக்குள் வருகிறது என்பதில்தான் உங்கள் பிரச்சினை இருக்கிறது என்று நினைக்கிறேன். நிரல் ஓடத் தொடங்கி ஒவ்வொரு ஷேர்டு லைப்ரரியும் (நிரலுக்கு வெளியே தனிக் கோப்பாக இருக்கும் லைப்ரரி) ஏறும்போது, ஜிடிபி அதன் பெயரைப் பார்க்கும். அந்தப் பெயரோடு 'ஹைஃபன் ஜிடிபி டாட் பிஒய்' சேர்த்து, அப்படி ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடும். உபுண்டு 22.04-இல் லிப்எஸ்டிடிசி++ டாட் எஸ்ஓ 6.0.30 ஏறியதும், /யுஎஸ்ஆர்/ஷேர்/ஜிடிபி/ஆட்டோ-லோடு என்ற டைரக்டரிக்குக் கீழே அதே பாதை, அதே பெயரில் ஒரு சின்ன பைத்தான் கோப்பு இருக்கும். அதை எடுத்து ஓட்டும். அது /யுஎஸ்ஆர்/ஷேர்/ஜிசிசி/பைத்தான் டைரக்டரியில் இருக்கும் பெரிய ஸ்கிரிப்ட்டை இழுத்து வந்து பதிவு செய்யும். ஆக, மொத்தச் சங்கிலியும் ஒரு கோப்பின் பெயரில் தொங்குகிறது. அந்தப் பெயர் கொண்ட லைப்ரரி ஏறவே இல்லையென்றால்?

அதனால் இரண்டு கட்டளைகளின் பதிலைப் போடுங்கள். நிரல் பிரேக்பாயிண்ட்டில் நிற்கும்போது 'இன்ஃபோ பிரெட்டி-பிரிண்டர்', 'இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி'. முதலாவதில் லிப்எஸ்டிடிசி++ என்ற தலைப்பு இருக்காது என்பது என் ஊகம். இரண்டாவதில் லிப்எஸ்டிடிசி++ என்ற கோப்பே இருக்காது என்பது அதைவிடப் பலமான ஊகம். வாடிக்கையாளர் இடத்தில் எந்த லினக்ஸ் இருக்குமோ என்று பயந்து லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்து லிங்க் செய்பவர்கள் நிறையப் பேர்.


மின்கணக்கு எழுதியது:

ஆச்சரியமாக இருக்கிறது. இரண்டு ஊகமும் சரி. எங்கள் மேக்ஃபைலில் (நிரலைக் கட்டும் விதிகள் இருக்கும் கோப்பு) 'ஸ்டாட்டிக் லிப்எஸ்டிடிசி++', 'ஸ்டாட்டிக் லிப்ஜிசிசி' இரண்டு ஃபிளாகும் இருக்கின்றன, நீங்கள் சொன்ன அதே காரணத்துக்காகத்தான். 'இன்ஃபோ ஷேர்டுலைப்ரரி' பட்டியலில் லிப்சி, லிப்எம், லோடர் மட்டும் இருக்கின்றன. சோதனை நிரலை அந்த ஃபிளாக் இல்லாமல் கட்டியிருந்தேன், அதனால்தான் அதில் தெரிந்திருக்கிறது.

நோடு கவுண்ட் விஷயமும் அப்படியே. புதிதாக ஓட்டினால் 41. சதுர அடைப்பு போட்டு ஒரு முறை பிரிண்ட் செய்ததும் 42.

இப்போது என்ன செய்வது? டிபக் செய்வதற்கு மட்டும் ஸ்டாட்டிக் இல்லாமல் கட்டுவதா? வாடிக்கையாளர் இடத்தில் ஓடும் அதே பைனரியைத்தான் பார்க்க ஆசைப்படுகிறேன். அங்கிருந்து வரும் கோர் கோப்புகளையும் (நிரல் விழும்போது அதன் நினைவகம் பதிவாகும் கோப்பு) திறக்கவேண்டியிருக்கிறது.


பழையகோர் எழுதியது:

பைனரியைத் தொடவே வேண்டாம். ஸ்கிரிப்ட் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கையால் பதிவு செய்தால் போதும். உங்கள் ஹோம் டைரக்டரியில் இருக்கும், ஜிடிபி தொடங்கும்போது படிக்கும் ஜிடிபிஇனிட் கோப்பில் ஒரு பைத்தான் பகுதி திறந்து மூன்று காரியம் செய்யுங்கள். பைத்தான் மாட்யூல்களைத் தேடும் சிஸ் டாட் பாத் பட்டியலின் முதலில் /யுஎஸ்ஆர்/ஷேர்/ஜிசிசி/பைத்தான் என்பதைச் செருகுங்கள். லிப்எஸ்டிடிசிஎக்ஸ்எக்ஸ் டாட் வி6 டாட் பிரிண்டர்ஸ் என்ற மாட்யூலிலிருந்து 'ரெஜிஸ்டர் லிப்எஸ்டிடிசிஎக்ஸ்எக்ஸ் பிரிண்டர்ஸ்' என்ற ஃபங்ஷனை இம்போர்ட் செய்யுங்கள். அதை நன் (None, பைத்தானில் 'எதுவுமில்லை') என்ற மதிப்போடு அழையுங்கள். பிறகு எண்ட். நன் கொடுத்தால் எந்த ஒரு லைப்ரரியோடும் கட்டிப்போடாமல் ஜிடிபி முழுமைக்கும் பதிவாகும். ஸ்டாட்டிக்கோ, ஷேர்டோ, கோர் கோப்போ, எல்லாவற்றுக்கும் வேலை செய்யும்.

ஒன்றைக் கவனித்தாகவேண்டும். ஸ்கிரிப்ட், பைனரிக்குள் லிங்க் ஆகியிருக்கும் லைப்ரரியின் பதிப்போடு ஒத்துப்போகவேண்டும். இந்த ஸ்கிரிப்ட் லைப்ரரியின் உள் உறுப்புகளைப் பெயர் சொல்லித் தேடுகிறது, அந்தப் பெயர்களோ பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை. ஜிசிசி 5-இல் ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பே மாறியது. ஜிசிசி 7-இல் யூனிக் பாயிண்டரின் உடல் மாறியது. புது ஸ்கிரிப்ட் பழைய அமைப்பையும் தெரிந்துவைத்திருக்கும், பழைய ஸ்கிரிப்ட்டுக்குப் புது அமைப்பு தெரிய வாய்ப்பில்லை. ஆகவே புதியதை வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் விஷயத்தில் கட்டுவதும் பார்ப்பதும் ஒரே கணினி, கவலை இல்லை.

கோர் கோப்பைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். கோரில் ஓடும் நிரல் இல்லை, ஆகவே சைஸ், அட், சதுர அடைப்பு என்று எந்த ஃபங்ஷனையும் அழைக்க முடியாது. பிரெட்டி பிரிண்டர் ஃபங்ஷனை அழைப்பதில்லை, நினைவகத்தை மட்டும் படிக்கிறது. அதனால்தான் கோரிலும் வேலை செய்கிறது, அதனால்தான் உங்கள் மேப்பை மாற்றாமலும் இருக்கிறது. மேப், வெக்டர் போன்ற கன்டெய்னரைப் பார்க்க ஃபங்ஷனை அழைக்கும் பழக்கம் யாருக்கு இருந்தாலும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

ஸ்கிரிப்ட்டே இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் கையாலும் படிக்கலாம், அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வெக்டர் சுலபம். _எம்_ஸ்டார்ட் முதல் உறுப்பைக் காட்டும், _எம்_ஃபினிஷ் கடைசிக்கு அடுத்த இடத்தைக் காட்டும், இரண்டின் வித்தியாசம்தான் நீளம். ஸ்டார்ட்டுக்கு முன்னால் நட்சத்திரம் போட்டு, பின்னால் @ குறியும் நீளமும் கொடுத்தால் ஜிடிபி அத்தனை உறுப்புகளையும் வரிசையாகக் காட்டும்.

மேப் கொஞ்சம் வேலை வாங்கும். அது சிவப்பு-கறுப்பு மரம், அதாவது எண்களை வரிசைப்படி கிளை கிளையாக வைக்கும் அமைப்பு; ஒவ்வொரு கண்ணியும் ஒரு நோடு. ஹெடரில் _எம்_பேரன்ட் என்பது மரத்தின் வேர், _எம்_லெஃப்ட் என்பது மிகச் சிறிய எண் இருக்கும் நோடு, _எம்_ரைட் என்பது மிகப் பெரிய எண் இருக்கும் நோடு. நோடின் தலைப்பகுதியில் நிறமும் மூன்று பாயிண்டர்களும் இருக்கின்றன. 64-பிட் கணினியில் நிறத்துக்கு 4 பைட், இடைவெளி 4, பாயிண்டர்களுக்கு 24, ஆக 32 பைட். உங்கள் எண்ணும் மதிப்பும் அடங்கிய ஜோடி அதற்கு அடுத்து ஆரம்பிக்கிறது. டிபக்கரின் கண்ணுக்கு ஹெடரின் பாயிண்டர்கள் வெறும் தலைப்பகுதியைத்தான் காட்டுகின்றன, பின்னால் மதிப்பு ஒட்டிக்கொண்டிருப்பது அந்த வகையில் எழுதப்படவில்லை. அதனால்தான் எவ்வளவு தோண்டினாலும் நிறமும் முகவரியும் மட்டுமே உங்களுக்கு வந்தன. நோடின் முகவரியோடு 32 பைட் கூட்டி, அதை இன்ட் பாயிண்டர் என்று காஸ்ட் செய்து படித்தால் மீட்டர் எண் வந்துவிடும். இப்போதே ஹெடரின் லெஃப்ட்டுக்கும் ரைட்டுக்கும் செய்து பாருங்களேன், உங்கள் மேப்பின் இரண்டு எல்லைகளும் தெரியும்.


புதுவரவு எழுதியது:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. பிரெட்டி பிரிண்டர் வேலை செய்கிறது. ஆனால் ஃபங்ஷனின் முதல் வரியில் நின்றதும் லோக்கல் வேரியபிள் பகுதியில் வெக்டரின் நீளம் கோடிக்கணக்கில் காட்டி, எடிட்டரே உறைந்துவிடுகிறது. இரண்டு மூன்று வரி தாண்டி நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது.


வரிசைமுறை எழுதியது:

அந்த வரியில் உங்கள் வெக்டரின் கன்ஸ்ட்ரக்டர் இன்னும் ஓடவில்லை. ஸ்டாக்கில் அதற்கு இடம் மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கிறது, முன்பு வேறு யாரோ விட்டுப்போன பைட்டுகள் அங்கே கிடக்கின்றன. பிரிண்டர் அவற்றையே ஸ்டார்ட், ஃபினிஷ் என்று நம்பிக் கழித்து நீளம் சொல்கிறது. எடிட்டரும் அதை நம்பி அத்தனை உறுப்புகளையும் கேட்கிறது. டெர்மினலில் 200 உறுப்புகளோடு நின்றுவிடும், அதுதான் 'செட் பிரிண்ட் எலிமென்ட்ஸ்' என்பதன் இயல்பான அளவு. மேப் என்றால் பெரும்பாலும் 'இந்த முகவரியைப் படிக்க முடியவில்லை' என்ற பிழை வரும். பிரேக்பாயிண்ட்டை அறிவிப்பு வரிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லையென்றால் லோக்கல் பகுதியை மூடிவைத்து, வேண்டிய வேரியபிளை மட்டும் வாட்சில் போடுங்கள்.

'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று வருபவர்களுக்கும் சேர்த்தே ஒரு வார்த்தை: அதற்குப் பிரிண்டர் உதவாது. ஆப்டிமைசேஷன் இல்லாமல், மைனஸ் ஓ0 போட்டுக் கட்டிப் பாருங்கள்.

ஜிசிசிக்குப் பதில் கிளாங் கம்பைலரைப் பயன்படுத்தி, ஸ்ட்ரிங்குக்கு 'இன்கம்ப்ளீட் டைப்' என்று வந்தால் அது வேறு நோய். அந்த வகையின் முழு விவரம் லைப்ரரியின் டிபக் தகவலில் இருக்கும் என்று நம்பி கிளாங் அதை உங்கள் பைனரியில் எழுதாமல் விட்டுவிடுகிறது. 'எஃப் ஸ்டாண்ட்அலோன் டிபக்' ஃபிளாக் கொடுத்தால் எழுதும்.


மின்கணக்கு எழுதியது:

பழையகோர் அண்ணா, முதலில் கையாலேயே செய்து பார்த்தேன். ஹெடரின் லெஃப்ட்டோடு 32 கூட்டிப் படித்ததும் வந்த எண்: மைனஸ் 111. மீட்டர் எண் எப்படி மைனஸில் வரும்?

பிறகு ஜிடிபிஇனிட்டில் நீங்கள் சொன்னதைப் போட்டு மேப் முழுவதையும் பிரிண்ட் செய்தேன். முதல் சில எண்கள் எல்லாமே மைனஸ், அதன்பின் 1 முதல் ஒழுங்காக வருகின்றன. மைனஸ் 111-க்கு எதிரே நூற்றுக்கணக்கான அளவுகள் பத்திரமாக இருக்கின்றன. 256-ஐக் கூட்டினால் 145. கம்பியிலிருந்து வரும் முகவரி பைட்டை வாங்கும் இடத்தில் வகை வெறும் சார் என்று இருக்கிறது. 127-க்கு மேற்பட்ட முகவரியெல்லாம் மைனஸாகி மேப்புக்குள் போயிருக்கிறது. மோட்பஸ்ஸில் முகவரி 247 வரை போகலாம், பெரும்பாலான இடங்களில் சின்ன எண்களாகவே கொடுப்பதால் இதுவரை வெளியே தெரியவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. இதே நிரல் ஒரு ஏஆர்எம் போர்டிலும் ஓடுகிறது. அங்கே 200-க்கு மேல் எண் கொண்ட மீட்டர்கள் எல்லாம் சரியாக வருகின்றன.


பழையகோர் எழுதியது:

அருமை, பிடித்துவிட்டீர்கள்! ஏஆர்எம் லினக்ஸில் வெறும் சார் என்றால் குறியில்லாதது (மைனஸ் கிடையாது), இன்டெல் வகைக் கணினியில் குறியுள்ளது (மைனஸும் உண்டு). சி++ தரநிலை அதை கம்பைலர் பக்கமே விட்டிருக்கிறது. அதனால் போர்டில் 145 என்பது 145-ஆகவே போகும். அந்த இடத்தில் குறியில்லாத 8 பிட் வகையான யுஇன்ட்8_டி என்று எழுதினால் இரண்டிலும் ஒன்றுபோல நடக்கும். ஏற்கெனவே மைனஸ் எண்ணில் கோப்பிலோ டேட்டாபேஸிலோ எழுதப்பட்ட பழைய அளவுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், அவற்றின் மீட்டர் எண்ணோடு 256 கூட்டவேண்டியிருக்கும்.


மின்கணக்கு எழுதியது:

டேட்டாபேஸில் இருக்கின்றன, இன்றைக்கு அதைத்தான் செய்யப்போகிறேன். கடைசியாக ஒன்று: எங்கள் குழுவில் ஒவ்வொருவரும் அவரவர் ஜிடிபிஇனிட்டில் இதைப் போடாமல் எல்லோருக்கும் கிடைக்க வழி உண்டா?


பழையகோர் எழுதியது:

உண்டு. பெயரைப் பார்த்து ஸ்கிரிப்ட் தேடும் விதி லைப்ரரிக்கு மட்டுமல்ல, உங்கள் பைனரிக்கும் பொருந்தும். பைனரியின் பெயர் மீட்டர்டி என்று வைத்துக்கொள்வோம். அதே டைரக்டரியில் மீட்டர்டி-ஜிடிபி என்ற பெயரில் ஒரு பைத்தான் கோப்பு வைத்து, மேலே சொன்ன மூன்றையும் அதில் எழுதிவிடுங்கள். கட்டும்போதே மேக்ஃபைல் அதை அங்கே காப்பி செய்யட்டும். உங்கள் அளவு ஸ்ட்ரக்ட்டுக்கும் ஒரு பிரிண்டர் எழுதி அதே கோப்பில் சேர்க்கலாம். நேரத்தை எண்ணாகக் காட்டாமல் தேதியாகக் காட்டினால் எவ்வளவு கண்வலி மிச்சம்!

முதல் முறை ஜிடிபி அதை ஏற்றாமல் 'ஆட்டோ-லோடு சேஃப்-பாத்' பற்றி ஒரு எச்சரிக்கை போடும். யாரோ வைத்த ஸ்கிரிப்ட்டைக் கேட்காமல் ஓட்டக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நம்பகமான டைரக்டரியின் பெயரை 'ஆட்-ஆட்டோ-லோடு-சேஃப்-பாத்' கட்டளையோடு ஜிடிபிஇனிட்டில் ஒவ்வொருவரும் ஒரு வரி மட்டும் எழுதிவிடுங்கள். எரிச்சலில் அந்த இடத்தில் வெறும் சாய்கோடு போட்டு மொத்தக் கணினியையும் நம்பச் சொல்லாதீர்கள். வெளியிடங்களிலிருந்து வரும் கோரையும் பைனரியையும் திறக்கும் கணினி உங்களுடையது. கட்டும் டைரக்டரியை மட்டும் கொடுங்கள்.

ஏஆர்எம் போர்டுக்கான ஜிடிபியில் பைத்தான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 'பைத்தான் பிரிண்ட்(1)' என்று கொடுத்தால் 1 வரவேண்டும். ஆதரவு இல்லை என்று சொன்னால் அந்த ஜிடிபி பைத்தான் இல்லாமல் கட்டப்பட்டது, அதில் எந்தப் பிரிண்டரும் ஏறாது. உபுண்டுவில் ஜிடிபி-மல்ட்டிஆர்க் என்ற பேக்கேஜ் நிறுவி அதைக்கொண்டு போர்டோடு இணையுங்கள்.